விழுங்க மறுத்த விண்ணப்பப் பெட்டி

சிப்பித்துறை என்ற கடற்கரை ஊரில், அந்தோனியார் கோயிலின் உள்வாசல் ஓரமாக ஒரு விண்ணப்பப் பெட்டி இருந்தது. பலா மரத்தில் செய்தது. முன்பக்கம் ஒரு பூட்டு, மேலே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறல்தான் அதன் வாய். ஊரில் யாருக்கு என்ன குறை வந்தாலும் ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்து, அந்த வாயில் போட்டுவிட்டுப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில்பிள்ளை பிரகாசியார் வருவார். கோயிலைப் பெருக்குவது, பூட்டித் திறப்பது, மணியடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பெட்டியைத் திறந்து சீட்டுகளை அள்ளித் தாம்பாளத்தில் வைத்துப் பீடத்துக்குக் கொண்டு போவார். பூசை முடிந்ததும் அவற்றை யாரும் படிக்காமல் முற்றத்தில் சாம்பிராணியோடு சேர்த்து எரித்துவிடுவார். கேட்டது, கேட்டவருக்கும் கடவுளுக்கும் நடுவிலேயே இருக்கட்டும் என்று அப்படி ஒரு வழக்கம்.

ஆனால் பெட்டிக்கு எல்லாம் தெரியும். நாற்பது வருடம் எழுத்து வயிற்றிலேயே கிடந்தால் யாருக்குத்தான் படிப்பு வராது? எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பெண்ணுக்கு எந்தப் பையன் மேல் கண், எவன் குடியை விடப் போகிறேன் என்று ஏழாவது தடவை சத்தியம் செய்கிறான், அத்தனையும் அதற்கு மனப்பாடம். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. 'பங்குச்சாமியார் வாய்கூட என் வாய் அளவுக்கு மூடி இருக்காது' என்று அதற்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வருடம் மழை தொடங்குகிற சமயத்தில் பெட்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜலதோஷம் வருகிற மாதிரிதான் வந்தது. எங்கே, யாரிடமிருந்து தொற்றியது என்று சொல்ல முடியாது.

"ஒன்று கேட்கட்டுமா?" என்று அது பக்கத்தில் நின்ற மெழுகுவர்த்தித் தட்டிடம் கேட்டது. "நாற்பது வருடமாக என் வழியாக இத்தனை சீட்டு போயிருக்கிறது. ஒன்றுக்காவது பதில் வந்து நீ பார்த்திருக்கிறாயா?"

மெழுகுவர்த்தித் தட்டு இரும்பு. மேலெல்லாம் மெழுகு வழிந்து, பார்க்க எப்போதும் சிரிக்கிற மாதிரி இருக்கும். "கேட்டது கிடைத்தவர்கள் என்னிடம் வந்து ஒரு திரி கொளுத்திவிட்டுப் போகிறார்களே" என்றது.

"கிடைக்காதவர்களும் வந்துதானே கொளுத்துகிறார்கள்? எது எந்தத் திரி என்று உனக்கு எப்படித் தெரியும்?"

தட்டு யோசித்தது. "தெரியாது. எரிவது மட்டும்தான் தெரியும்."

பெட்டி முழங்கால் பலகையிடம் கேட்டது. அது கோயிலிலேயே மூத்தது. நடுவில் இரண்டு குழி விழுந்திருக்கும். "அக்கா, நீயாவது சொல்."

"எனக்கு முழங்கால்தானப்பா பரிச்சயம்" என்றது பலகை. "கேட்க வருகிற முழங்காலும் நடுங்குகிறது. நன்றி சொல்ல வருகிற முழங்காலும் நடுங்குகிறது. நான் ரெண்டையும் தாங்கிக்கொள்கிறேன்."

இதெல்லாம் ஒரு பதிலா என்று பெட்டிக்கு எரிச்சலாக வந்தது. மேலே எதுவும் கேட்காமல், நேரே பீடத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பேசிவிட்டது.

"ஆண்டவரே, நான் பேராசைக்காரன் இல்லை. கடலைப் பிளக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு அடையாளம். நான் விழுங்குகிற சீட்டெல்லாம் உம்மிடம் வந்து சேருகிறது என்றால், இந்த விளக்கு ஒருமுறை கண்சிமிட்டட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு சிமிட்டியது.

பெட்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பார்த்தீர்களா! பார்த்தீர்களா!"

அப்போது தெருவைப் பார்த்தபடி பாதி திறந்து நின்ற வாசல் கதவு சொன்னது: "தெரு முழுக்கத்தான் சிமிட்டியது. காற்றில் கரண்ட் போய் வருகிறது."

பெட்டியின் மகிழ்ச்சி அப்படியே இறங்கிவிட்டது. "சரி, கரண்டுக்குச் சம்பந்தமில்லாத அடையாளம் ஒன்று வேண்டும்" என்று கேட்டது. சிறிது நேரத்தில் அந்தோனியார் கழுத்து மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் உதிர்ந்து, மிதந்து வந்து, பெட்டியின் தலையிலேயே விழுந்தது.

"இது போதுமா?" என்று தட்டு ஆவலோடு கேட்டது.

"மூன்று நாள் மாலை. உதிராமல் என்ன செய்யும்?" என்றது பெட்டி.

இப்படி அடையாளத்தின் மேல் அடையாளமாக வந்துகொண்டிருந்தது. வந்த ஒவ்வொன்றோடும் ஒரு புதுச் சந்தேகமும் கூடவே வந்தது.

இத்தனைக்கும், ஊரில் இப்படிக் கேட்பவர்களைப் பார்த்துப் பெட்டி முன்பெல்லாம் சிரித்திருக்கிறது. சலேத்தம்மாள் என்று ஒருத்தி. மகனுக்குப் பெண் பார்த்தாள். "இந்தப் பெண்தான் என்றால் சனிக்கிழமைக்குள் வடக்குப் பக்கம் காகம் கத்தட்டும்" என்று எழுதிப் போட்டாள். அடுத்த வாரம் இன்னொரு சீட்டு. "கத்தியது. ஆனால் வடக்கா வடமேற்கா என்று தெளிவில்லை. தயவுசெய்து மறுபடியும் ஒருமுறை." அதைப் படித்துவிட்டுப் பெட்டி வயிறு குலுங்கச் சிரித்ததில் மற்ற சீட்டுகளெல்லாம் கலைந்துபோயின.

ஆனால் சிரிக்க முடியாத சீட்டுகள் இரண்டும் உண்டு.

கோயில் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். நடுவில் ஒரு அடிபம்பு. ஒரு வீட்டில் இஞ்ஞாசி, எதிர்வீட்டில் அவன் தம்பி கஸ்பார். இஞ்ஞாசி கடலுக்குப் போகிறவன். கஸ்பார் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போய் வருகிறவன். மூன்று வருடம் முன்னால், கஸ்பார் கப்பலில் இருந்தபோது, அவர்கள் அம்மா இறந்துபோனாள். புயல் மழை. ஊரில் கரண்ட் இல்லை. இஞ்ஞாசி மறுநாளே அடக்கம் செய்துவிட்டான். அதற்கும் மறுநாள் கஸ்பார் பையும் கையுமாக வந்து இறங்கினான். கல்லறையில் ஈர மண்தான் இருந்தது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா? அம்மா முகத்தைக்கூடப் பாக்க விடலையே" என்றான். அதுதான் அவன் அண்ணனிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் இஞ்ஞாசி ஒரு சீட்டுப் போடுவான். 'தம்பி முதலில் வந்து பேசினால், நீர் என்னை மன்னித்துவிட்டீர் என்பதற்கு அதுவே அடையாளம்.' கஸ்பார் ஊரில் இருக்கிற வாரங்களில் மத்தியானமாக வந்து அவனும் ஒன்று போடுவான். 'அண்ணன் முதலில் வந்து பேசினால், அவன் மனசில் எனக்கு இடம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.'

இரண்டு சீட்டும் பெட்டியின் வயிற்றில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். சாயங்காலம் ஒன்றாகவே எரியும். அதை எழுதிய இரண்டு பேரும் அடிபம்பில் எதிரெதிரே வந்தால் ஒருவன் குடத்தைப் பார்ப்பான், இன்னொருவன் வானத்தைப் பார்ப்பான்.

"மூன்று வருடமாகப் பார்க்கிறேன்" என்று அந்தத் திங்கட்கிழமை பெட்டி பொரிந்து தள்ளியது. "ஊமைக்குப் பேச்சு வரவேண்டும் என்றா கேட்கிறார்கள்? ஒரு தெருவைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். அதற்குக்கூடப் பதில் இல்லை என்றால் நான் எதற்கு வாயைத் திறந்துகொண்டு இங்கே நிற்கிறேன்? முடிவாகச் சொல்கிறேன். எனக்குச் சந்தேகமே இல்லாத ஒரு அடையாளம் கிடைக்கிறவரைக்கும் இனி ஒரு சீட்டையும் விழுங்க மாட்டேன்."

"அடம் பிடிக்காதே" என்றது பலகை.

பெட்டி வாயை இறுக்கிக்கொண்டது. அன்று இரவெல்லாம் நல்ல மழை. பலா மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, வாய் மேலும் இறுகியது.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் இஞ்ஞாசி குடையோடு வந்தான். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். வழக்கமான சீட்டு இல்லை, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த முழுத்தாள். வாயில் வைத்துத் தள்ளினான். பாதி போய் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினான். அசையவில்லை.

"என்னல இது, இதுக்கும் என்னையப் பிடிக்கலையா?" என்று முணுமுணுத்தான். பிறகு, பிரகாசியாரைக் கூட்டிக்கொண்டு வந்தால் சரி செய்துவிடுவார் என்று நினைத்து, சீட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான்.

பெட்டி கெத்தாகத்தான் நின்றது. ஆனால் நாக்கில் பட்டதைப் படிக்காமல் இருக்க அதற்கு முடியவில்லை.

'அந்தோனியாரே, இதுவரைக்கும் ஒங்ககிட்ட முழுசாச் சொல்லலை. அம்மாவை ஆறு வருசம் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு நான்தான் பாத்தேன். சாகப்போற நேரத்துல அம்மா எம்பேரைச் சொல்லலை. கடைசி ரெண்டு நாளும், "கஸ்பாரு வந்துட்டானா, கஸ்பாரு வந்துட்டானா"ன்னுதான் கேட்டா. எனக்குப் பொறுக்கலை. மழை பெஞ்சதும் கரண்ட் இல்லாததும் நெசம். ஆனா ஒடம்பை ஒரு நாள் வச்சிருக்கப் பக்கத்து ஊருல ஐஸ் கெடைச்சிருக்கும். நான் தேடிப் போகலை.'

நாற்பது வருடத்தில் இப்படி ஒரு சீட்டு வந்ததில்லை. இதையா வாய்க்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்ததும், பெட்டியின் அடமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவசரமாக விழுங்கப் பார்த்தது. முடியவில்லை. உப்பிய மரம் இப்போது அதன் சொல்லைக் கேட்கவில்லை.

"யாரோ வருகிறார்கள்" என்றது கதவு.

"யார்?"

"கஸ்பார். இன்றைக்குக் காலையிலேயே வருகிறான்."

பெட்டி சிவப்பு விளக்கைப் பார்த்தது. இந்த முறை அடையாளம் கிடையாது, நிபந்தனை கிடையாது, சாமர்த்தியம் கிடையாது. "ஆண்டவரே, இவன் மட்டும் இதைப் படித்துவிடக் கூடாது. படித்தால் இந்த ஜென்மத்தில் இவர்கள் சேரமாட்டார்கள். எப்படியாவது தடுத்துவிடும்" என்று கெஞ்சியது. அடையாளம் கேட்காமல் அது போட்ட முதல் விண்ணப்பம் அதுதான்.

கஸ்பார் உள்ளே வந்து தலையைத் துவட்டினான். பெட்டியின் வாயில் ஒரு தாள் நிற்பதைப் பார்த்தான். யாரோ பாவம், சரியாகப் போடாமல் போய்விட்டார்கள் என்று நல்ல எண்ணத்தோடுதான் அதை உள்ளே தள்ளினான். போகவில்லை. இன்னும் சின்னதாக மடித்தால் போகும் என்று வெளியே உருவினான். உருவியதில் தாள் விரிந்துகொண்டது.

அண்ணனின் எழுத்தைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"மூடு! மடி! படிக்காதே!" என்று பெட்டி கத்தியது. மனிதர்களுக்கு அது கேட்காது.

கஸ்பார் முதல் வரியைப் படித்தான். பிறகு தூணில் சாய்ந்துகொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தான்.

அந்த நேரம் பார்த்து இஞ்ஞாசி உள்ளே வந்தான். பின்னால் உளியோடு பிரகாசியார்.



"அது எம் சீட்டு" என்றான் இஞ்ஞாசி.

"தெரியும். ஒன் எழுத்துதான்."

"படிச்சிட்டியா?"

"ம்."

"முழுசாவா?"

"முழுசா."

பிரகாசியாருக்கு ஏதோ புரிந்தது. உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அடிக்கணும்னா அடிச்சிரு. கோயில்னு பாக்காத" என்றான் இஞ்ஞாசி. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிறவன் போலக் கையைத் தொங்கப்போட்டு நின்றான்.

கஸ்பார் அடிக்கவில்லை. "எத்தனை தடவைண்ணே கேட்டா?" என்றான்.

"என்னது?"

"அம்மா. நான் வந்துட்டேனான்னு எத்தனை தடவை கேட்டா?"

"எண்ணலைல. வாசல்ல எவன் செருப்புச் சத்தம் கேட்டாலும் கேட்டா. மீன்காரி வந்தாக்கூட, 'கஸ்பாரா'ன்னா."

கஸ்பார் முழங்கால் பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பலகை அவனைத் தாங்கிக்கொண்டது.

"கடைசி வருசம் நான் ஒழுங்கா போன்கூடப் பண்ணலைண்ணே. அம்மா என்னைய வெறுத்துப் போய்த்தான் செத்தாளோன்னு மூணு வருசமா நெஞ்சுக்குள்ள கெடந்து அரிச்சிட்டிருந்தது. ஒன்மேல கோவப்பட்டா அது கொஞ்சம் அடங்கும். அதான் கோவத்தை விடவே இல்ல." தாளைக் காட்டினான். "நீ இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன்னைய வெட்டியிருப்பேன். இன்னைக்கு... என்னமோ, அம்மாவே வந்து கூப்பிட்ட மாதிரி இருக்கு."

"நான் ஐஸ் தேடலைலே" என்றான் இஞ்ஞாசி. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது. "அதையும் படிச்சியா?"

"படிச்சேன். அது எனக்கு வலிக்கத்தான் செய்யிது. இன்னும் கொஞ்ச நாள் வலிக்கும். ஆனா ஆறு வருசம் நீ பாத்தே. நான் ஒரு நாள்கூடப் பாக்கலை. அது ஒனக்கு வலிச்சிருக்கும்ல?" கஸ்பார் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். "இந்தா, எஞ்சீட்டு. நீயும் படிச்சிரு."

இஞ்ஞாசிக்குக் கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியாது. சீட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வாய்விட்டே படித்தான். "அண்ணன் முதலில் வந்து பேசினால்..." நிறுத்தினான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். "ஏல, நீயும் இதைத்தான் கேட்டியா?"

"நீயுமா?"

"மூணு வருசமா!"

"நானும் மூணு வருசமாத்தாண்ணே!"

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரகாசியாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அடப் பாவிகளா! அப்ப செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எரிச்சது நான்தானவே? ஒரு தடவை பிரிச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தலையில ரெண்டு குட்டு வச்சு முடிச்சிருப்பேனே!"

முதலில் சிரித்தது இஞ்ஞாசி. அழுதுகொண்டே சிரித்ததில் அவனுக்குப் புரை ஏறியது. கஸ்பார் எழுந்து அவன் தலையில் தட்டினான். தட்டின கையை எடுக்காமல் அப்படியே தோளில் வைத்துக்கொண்டான்.

"அது சரி, இப்ப யாரு முதல்ல வந்தது?" என்று கேட்டான் கஸ்பார்.

"நான்தான் முதல்ல வந்து சீட்டைப் போட்டேன்."

"என்னையப் பாக்கவா வந்தே? பெட்டியைப் பாக்கத்தானே வந்தே? முதல்ல பேசுனது யாரு?"

"'அது எம் சீட்டு'ன்னு நான்தான் பேசுனேன்."

"அது ஒரு பேச்சா?"

"விடுங்கவே" என்றார் பிரகாசியார். "ரெண்டு பேரும் வந்தாச்சு. அது போதும்."

"அம்மா கல்லறைக்குப் போவமா?" என்றான் இஞ்ஞாசி.

"மழை கொட்டுதே."

"கொட்டட்டும்ல."

ஒரே குடையில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு வெளியே இறங்கினார்கள். கதவு அவர்கள் போவதை எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. "அடிபம்பைத் தாண்டிவிட்டார்கள்... குடை காற்றில் திருப்பிக்கொண்டது... இரண்டு பேரும் நனைகிறார்கள்... சிரிக்கிறார்கள்... முனை திரும்பிவிட்டார்கள். இனி எனக்குத் தெரியாது."

பிரகாசியார் பெட்டியின் வாயோரத்தை உளியால் லேசாகச் செதுக்கினார். பெட்டிக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு மரச்சுருள் கீழே விழுந்தன. வாய் திறந்துகொண்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தபடி மணியடிக்கப் போனார்.

மெழுகுவர்த்தித் தட்டால் ஆவலை அடக்க முடியவில்லை. "கிடைத்துவிட்டதல்லவா? சந்தேகமே இல்லாத அடையாளம்?"

சந்தேகப்படவேண்டும் என்றால் இதிலும் படலாம் என்று பெட்டிக்குத் தெரிந்தது. மழையில் மரம் உப்பியது. தாள் பெரிதாக இருந்தது. ஒருவன் காலையிலேயே வந்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் காரணம் தேட அதற்கு இப்போது மனம் வரவில்லை. அது வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தது.

"அடையாளத்தை விடு" என்றது கடைசியில். "இன்றைக்கு நானும் ஒரு விண்ணப்பம் போட்டேன். என் ஆயுளில் முதல் விண்ணப்பம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்."

"என்ன கேட்டாய்?"

"கஸ்பார் அந்தச் சீட்டைப் படித்துவிடக் கூடாது என்று."

தட்டு திகைத்துப்போனது.

"நல்லவேளை" என்றது பெட்டி. "ஆண்டவர் கேட்கவில்லை."